நிலத்தில் தொடங்குங்கள்: நெப்ராஸ்கா புல்வெளியில் ஒரு ஜெர்மன் குடும்பத்தைத் தேடும் முறை

ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த முன்னோரைத் தேடக் கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கப்பலைத்தான் தேடுகிறார்கள். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த வருஷம் என்று ராத்திரி ராத்திரியாகக் கணினி முன் மல்லுக்கட்டுவார்கள். ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில் ஒரு கூட்டமே வந்து நிற்கும். அதில் நம் ஆள் யார் என்று சொல்ல ஒரு துப்பும் இருக்காது. அத்தோடு அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் கப்பலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். புல்வெளி மாநிலங்களில் குடியேறியவர் கப்பலில் இருந்தது சில வாரங்கள்; நிலத்தில் இருந்தது ஆயுசு முழுக்க. காகிதமும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது.

நான் இருப்பது நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில். பிறந்தது திருமங்கலம் பக்கம். தாத்தா கர்ணமாக இருந்தவர் என்பதால் நிலக் கணக்கு என்றால் எனக்கு மிரட்சி கிடையாது. வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா வழி ஆட்கள் எல்லாரும் பக்கத்து சூவர்ட் கவுண்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) விவசாயம் பார்த்த ஜெர்மன் லூத்தரன்கள், அதாவது ப்ராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்கள் நிறையப் பேர், அதனால் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. முதலில் வந்து நிலம் பிடித்தவரைப் பெரியவர் என்றும், அவர் மனைவியைப் பாட்டி என்றும் வைத்துக்கொள்வோம். வழிமுறை எல்லாக் குடும்பத்துக்கும் பொதுதான். கான்சாஸ், டகோட்டா, அயோவா என்றாலும் சின்னச் சின்ன மாற்றம்தான் இருக்கும்.

முதலில் வீட்டிலிருப்பதைத் திரட்டுங்கள். குடும்ப பைபிளின் முதல் பக்கங்கள், ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், இறுதிச் சடங்கு அட்டை எல்லாம் வேண்டும். பழைய ஸ்டுடியோ போட்டோ இருந்தால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஊர் ஸ்டுடியோ என்று அச்சடித்திருக்கும். என் மாமியார் பெட்டியில் இருந்த ஒரு போட்டோவின் பின்னால் ஷிகாகோ முகவரி இருந்தது. பெரியவர் நேராக நெப்ராஸ்காவுக்கு வரவில்லை, நடுவில் எங்கோ தங்கிச் சம்பாதித்திருக்கிறார் என்பதற்கு அதுதான் முதல் தடயம். இந்தப் பக்கம் வந்த ஜெர்மன்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான்: இல்லினாய், விஸ்கான்சின், அயோவா என்று சில வருஷம் கூலி வேலை, பிறகு கையில் கொஞ்சம் காசோடு மேற்கே. பெரிய தீவு என்று பெயர் கொண்ட கிராண்ட் ஐலண்ட் ஊரையே 1857-இல் அயோவாவின் டேவன்போர்ட்டிலிருந்து கிளம்பி வந்த ஜெர்மன்காரர்கள்தான் தொடங்கினார்கள்.

பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் எழுதி வையுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். 'எல்லிஸ் ஐலண்டில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டான்' என்ற கதை இல்லாத குடும்பமே கிடையாது. நியூயார்க்கின் எல்லிஸ் ஐலண்ட் குடியேற்ற நிலையம் திறந்தது 1892 ஜனவரி 1. அதற்கு முன் 1855 முதல் 1890 வரை நியூயார்க்கில் இறங்கியவர்கள் காசில் கார்டன் வழியாக வந்தார்கள். அதிகாரி கையிலிருந்ததும் கப்பல்காரர் எழுதிக் கொடுத்த பட்டியல்தான். பெயரை மாற்றியது காலமும் பள்ளிக்கூடமும் பக்கத்து வீட்டுக்காரரின் நாக்கும். முல்லர் மில்லர் ஆனதும் ஷ்மிட் ஸ்மித் ஆனதும் கோக் குக் ஆனதும் மெதுவாக நடந்தவை. இன்னொன்று: லூத்தரன் குழந்தைகளுக்கு மூன்று பெயர் வைப்பார்கள், முதலில் வரும் யோஹான் பெரும்பாலும் அலங்காரம். யோஹான் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் என்று ஞானஸ்நானம் பெற்றவர் ஊருக்கு வில்ஹெல்ம், நெப்ராஸ்காவில் வில்லியம், பட்டாவில் ஜான் என்று இருப்பார். மூன்று பெயரையும் வைத்துத் தேடுங்கள்.

இனி நிலம்.

அமெரிக்க நில விவரத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் பெரியவரின் நிலம் இப்படி எழுதப்பட்டிருக்கிறது: வடமேற்குக் காலின் மேற்குப் பாதி, செக்‌ஷன் 22, டவுன்ஷிப் 10 வடக்கு, ரேஞ்ச் 3 கிழக்கு, ஆறாம் பிரதான தீர்க்கரேகை. இதைக் கடைசியிலிருந்து முன்னுக்கு வாசிக்க வேண்டும். ஆறாம் தீர்க்கரேகை நெப்ராஸ்கா, கான்சாஸ் பகுதிக்கு அளவையர்கள் வைத்த மையக் கோடு. அடிக்கோடு நெப்ராஸ்காவின் தெற்கு எல்லை. ஒரு டவுன்ஷிப் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். ஆக, பத்தாவது டவுன்ஷிப் என்றால் கான்சாஸ் எல்லையிலிருந்து 54 மைலுக்கும் 60 மைலுக்கும் இடையே. மூன்றாவது ரேஞ்ச் என்றால் மையக் கோட்டுக்குக் கிழக்கே 12 முதல் 18 மைலுக்குள். அந்தச் சதுரத்துக்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண் போடுவது ஏர் ஓட்டுகிற மாதிரி: வடகிழக்கு மூலையில் 1, அங்கிருந்து மேற்கே 6 வரை, அடுத்த வரிசை திரும்பிக் கிழக்கே 7 முதல் 12 வரை, இப்படியே மடங்கி மடங்கி வந்து தென்கிழக்கு மூலையில் 36. ஒரு செக்‌ஷனில் கால் பங்கு 160 ஏக்கர், அதில் பாதி 80.

இந்தப் படத்தை ஒரு தாளில் கையால் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்தது வேண்டாம், வரைந்தால்தான் மனதில் நிற்கும். 15-க்கு நேர் தெற்கே 22 இருக்கிறது என்பது பிறகு தேவைப்படும்.

1862 மே 20 அன்று கையெழுத்தான ஹோம்ஸ்டெட் சட்டம் 1863 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 21 வயது ஆனவர் அல்லது குடும்பத் தலைவர், குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகன் ஆகப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் சொந்தப் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அதனால் பெண்கள் பெயரையும் விடாமல் தேடுங்கள்.

அப்படியென்றால் எங்கள் பெரியவருக்கு ஏன் 80 ஏக்கர் மட்டும்? மாமியார் வீட்டில் இதற்கு, 'பாதியைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டார்' என்று ஒரு கதை இருந்தது. பாவம், மனுஷன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. ரயில் பாதைக்காக அரசு ரயில் கம்பெனிகளுக்கு ஒற்றைப்படை எண் செக்‌ஷன்களை இனாமாகக் கொடுத்தது. அந்த எல்லைக்குள் மிஞ்சியிருந்த இரட்டைப்படை செக்‌ஷன்களின் விலையை ஏக்கருக்கு 1.25 டாலரிலிருந்து 2.50 ஆக உயர்த்திவிட்டு, ஹோம்ஸ்டெட் கேட்பவருக்கு 80 ஏக்கர்தான் என்று வரம்பு கட்டியது. 1879-இல்தான் அதைத் தளர்த்தினார்கள். உங்கள் ஆளுக்கும் 80 ஏக்கர் என்றிருந்தால் முதலில் வரைபடத்தில் ரயில் பாதையைப் பாருங்கள்.

பட்டாவைத் தேடுவது சுலபம். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் ஜி.எல்.ஓ. ரெக்கார்ட்ஸ் இணையதளத்தில் மாநிலத்தையும் பெயரையும் கொடுத்தால் பட்டாவின் படமே இலவசமாக வரும். பெயர் கிடைக்காவிட்டால் பெயரைக் காலியாக விட்டுவிட்டு டவுன்ஷிப், ரேஞ்ச் எண்ணை மட்டும் கொடுங்கள். அந்த ஆறு மைல் சதுரத்தில் பட்டா வாங்கிய அத்தனை பேரும் வரிசையாக வருவார்கள். பெயரை எழுத்துக்கூட்டத் தெரியாத குமாஸ்தா என்ன கூத்தடித்திருந்தாலும் நிலம் நகராது, கண்டுபிடித்துவிடலாம். இந்தப் பட்டியலை அப்படியே சேமித்து வையுங்கள். அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் பின்னால் தங்கம். அதே தளத்தில் அளவையரின் மூல வரைபடமும் குறிப்பும் இருக்கும். ஓடை எங்கே குறுக்கிடுகிறது, மண் எத்தனையாம் தரம், மரம் உண்டா இல்லையா என்று வீடு வருவதற்கு முந்தைய நிலத்தை அதில் பார்க்கலாம்.

பட்டாவில் முதல் பெயர் உங்கள் ஆளுடையது என்பதால் அவர்தான் முதல் ஆள் என்று எழுதிவிடாதீர்கள். பிளாட் ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலத்தைப் பானீ பழங்குடி மக்கள் 1833 உடன்படிக்கையில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. குடும்ப வரலாறு எழுதும்போது அந்த ஒரு வரியை முதல் பக்கத்திலேயே போடுவது என் வழக்கம். தாய்ப் பத்திரம் இல்லாமல் கிரயப் பத்திரம் எழுதுவார்களா?

பட்டா வெறும் ஒரு பக்கம்தான். சரக்கு இருப்பது அதற்குப் பின்னாலிருக்கும் உறையில். ஒவ்வொரு ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்கும் ஒரு கோப்பு உண்டு, மூலம் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நில விவரம், நில அலுவலகத்தின் பெயர், இறுதிச் சான்றிதழ் எண் மூன்றையும் பட்டாவிலிருந்து எடுத்துக் கொடுத்து, கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். நெப்ராஸ்காவுக்கு ஒரு அதிர்ஷ்டம்: இந்த மாநிலத்துக் கோப்புகளை ஸ்கேன் செய்து ஃபோல்டு3 என்ற ஆவணத் தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்கு நேரில் போனால் அங்குள்ள கணினியிலேயே பார்க்கலாம். பட்டாவில் '1862 மே 20' சட்டம் என்று குறித்திருந்தால் ஹோம்ஸ்டெட், கோப்பு கனமாக இருக்கும். '1820 ஏப்ரல் 24' என்றிருந்தால் பணம் கட்டி வாங்கியது, பெரும்பாலும் மெலிந்த கோப்பு.

எங்கள் பெரியவரின் கோப்பைத் திறந்தபோது என்ன இருந்தது என்று சொல்கிறேன், எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும். 1870-இல் கொடுத்த விண்ணப்பம். பணம் கட்டிய ரசீது. ஐந்து வருஷம் கழித்து அவர் கொடுத்த இறுதி வாக்குமூலம்: 14 அடிக்கு 18 அடியில் ஒரு வீடு, ஒரு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை; 35 ஏக்கர் உழுதிருக்கிறேன்; ஒரு கிணறு, வைக்கோல் கூரை போட்ட தொழுவம், சோளக் குதிர், நட்டு வைத்த காட்டன்வுட் மரங்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளும். 1874-இல் வெட்டுக்கிளி பயிரை மொட்டையடித்ததால் கொஞ்ச காலம் வேறு ஊரில் கூலி வேலைக்குப் போயிருந்தேன் என்று ஒரு வரி. அந்த வருஷம் பாதிக்கப்பட்டவர்கள் நிலத்தை விட்டு வெளியே போய்ப் பிழைத்துவிட்டு வர அமெரிக்க நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட்டு அனுமதித்தது, அதனால் உரிமை போகவில்லை. கையெழுத்து மட்டும் ஜெர்மன் எழுத்தில், மற்றதெல்லாம் குமாஸ்தாவின் ஆங்கிலம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய புதையல் ஒரு நகல். குடிமகன் ஆகும் எண்ணத்தைத் தெரிவித்து அவர் எழுதிக் கொடுத்த முதல் காகிதம், 1868-இல் ஷிகாகோ இருக்கும் குக் கவுண்ட்டி நீதிமன்றத்தில் கொடுத்தது. 1871 அக்டோபரில் ஷிகாகோ எரிந்தபோது அந்த நீதிமன்றத்துப் பதிவேடுகளும் சேர்ந்து எரிந்துபோயின. நேராக ஷிகாகோவில் தேடியிருந்தால் சாம்பல்தான். நிலம் வேண்டுமென்றால் காகிதத்தைக் காட்ட வேண்டும் என்ற விதியால் அதன் நகல் நெப்ராஸ்கா கோப்பில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. நிலத்தில் தொடங்குங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது ஒன்றே போதும்.

பட்டா கிடைக்காதவர்கள் கதை வேறு. விண்ணப்பித்துவிட்டு ஐந்து வருஷம் தாக்குப்பிடிக்க முடியாமல் விட்டுப்போனவர்கள் ஏராளம். அவர்கள் பட்டாத் தளத்தில் வரமாட்டார்கள். டிராக்ட் புக் எனப்படும் நிலவாரிப் பேரேட்டில் ரத்தானவை உட்பட எல்லா விண்ணப்பமும் இருக்கும். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ரத்தான விண்ணப்பத்துக்கும் கோப்பு உண்டு.

ரயில் கம்பெனியிடம் வாங்கியவர்களும் அந்தத் தளத்தில் இருக்கமாட்டார்கள், ஏனென்றால் அரசு பட்டா கொடுத்தது கம்பெனிக்கு. பர்லிங்டன் ரயில் கம்பெனி 1872-இல் ஒட்டிய சுவரொட்டியில் பத்து வருஷக் கடன், 6 சதவீத வட்டி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் பெரியவரும் அதில் விழுந்தார்: 22-க்கு நேர் வடக்கே இருக்கும் 15-ஆம் செக்‌ஷனில் 80 ஏக்கர். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கடன் முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் கம்பெனி கிரயப் பத்திரம் கொடுக்கும். பத்திரத் தேதியை வைத்து அவர் அங்கே குடிவந்த வருஷத்தைக் கணக்கிட்டால் பத்து வருஷம் தள்ளிப்போய்விடும். கம்பெனியின் பழைய காகிதங்கள் ஷிகாகோவின் நியூபெரி நூலகத்திலும், நெப்ராஸ்கா நில விற்பனைப் பதிவுகள் லிங்கனில் ஹிஸ்டரி நெப்ராஸ்கா காப்பகத்திலும் இருக்கின்றன.

அடுத்து கவுண்ட்டி பத்திரப் பதிவு அலுவலகம். நெப்ராஸ்காவில் செக்‌ஷன் எண் வாரியாகவே ஒரு அட்டவணைப் பேரேடு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிற வேலைதான். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது அடமானம், எப்போது மீட்டது எல்லாம் ஒரே பக்கத்தில் ஓடும். அடமானங்களை அலட்சியம் செய்யாதீர்கள். 1890-களின் வறட்சியில் அடமானத்துக்கு மேல் அடமானம் விழுந்திருந்தால், குடும்பம் ஏன் ஒரு பிள்ளையை ஒமாஹா இறைச்சிக் கூடத்து வேலைக்கு அனுப்பியது என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். நேரில் போக முடியாதவர்களுக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் இப்போது முழு உரைத் தேடல் வந்திருக்கிறது. கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் இயந்திரமே படித்து, உள்ளே சாட்சியாக வரும் பெயரைக்கூடப் பிடித்துக் கொடுக்கிறது. பழைய நில உரிமையாளர் வரைபடப் புத்தகங்களையும் பாருங்கள். நெப்ராஸ்காவுக்கு 1885-இல் ஒரு பெரிய மாநில அட்லஸ் வந்தது.

இப்போது சாட்சிகளுக்கு வருவோம்.

இறுதி வாக்குமூலத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். 'இவரை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும், இன்ன வீட்டில் குடியிருக்கிறார்' என்று சத்தியம் செய்தவர்கள். ஒருவன் புல்வெளிக்கு நடுவே, மொழி தெரியாத ஊரில் யாரைச் சாட்சிக்குக் கூட்டிவருவான்? பங்காளியை, மச்சானை, ஊர்க்காரனை. எங்கள் பெரியவரைப் பற்றி எந்தக் காகிதத்திலும் மெக்லென்பர்க் என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மெக்லென்பர்க் ஒரு மாவட்டம் அல்ல, வட ஜெர்மனியில் அன்றைக்கு ஒரு தனி நாடு. அதில் எந்தக் கிராமம் என்று தேடுவது வைக்கோல் போரில் ஊசி. அதனால் பெரியவரை அப்படியே விட்டுவிட்டு இரண்டு சாட்சிகளையும் தேடினேன். ஒருவர் பெயர் அவரை ஒட்டிய நிலத்துக்கு பட்டா வாங்கியவர்களில் இருந்தது. 1880 குடிக்கணக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) இருவரும் ஒரே பக்கத்தில், இரண்டு வீடு தள்ளி. அந்த ஆள் நீண்ட ஆயுசுக்காரர். இறந்தபோது கவுண்ட்டிப் பத்திரிகை அரைப் பத்தி இரங்கல் எழுதியிருந்தது, அதில் பிறந்த கிராமத்தின் பெயர் அரைகுறை எழுத்துக்கூட்டலில் இருந்தது. டெட்டரோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் கிராமம். அந்தக் கிராமத்தின் தேவாலயப் பதிவில் பெரியவரின் ஞானஸ்நானமும் இருந்தது, சாட்சிக்காரருடையதற்கு ஆறு பக்கம் முன்னால்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: உங்கள் ஆள் வாயைத் திறக்காவிட்டால் பக்கத்து நிலத்துக்காரரைக் கேளுங்கள். தனியாக வந்தவர்கள் குறைவு. ஒருவர் வந்து கடிதம் போட, அடுத்த வருஷம் தங்கை புருஷன், அதற்கடுத்து ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஊரே பெயர்ந்து வந்து ஓடையோரமாக உட்கார்ந்திருக்கும்.

இரங்கல் செய்திகளுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தளம் இலவசம். ஆங்கிலப் பத்திரிகையோடு நிறுத்திவிடாதீர்கள். லிங்கன், ஒமாஹா, கிராண்ட் ஐலண்ட் மூன்றிலும் ஜெர்மன் பத்திரிகைகள் வந்தன, அவற்றில் பிறந்த ஊர் சரியான எழுத்துக்கூட்டலில் இருக்கும்.

தேவாலயப் பதிவேடு இதைவிட நல்லது. நெப்ராஸ்காவில் மாநில அளவில் பிறப்பு இறப்புப் பதிவு 1904-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் போதகர் எழுதியதுதான் ஆதாரம். குடிக்கணக்கு எடுக்க வந்தவருக்கு ஜெர்மன் தெரியாது, காதில் விழுந்ததை எழுதினார். போதகர் ஜெர்மன்காரர், ஊர்ப் பெயரைச் சரியாக எழுதினார். அடக்கப் பதிவில் 'மெக்லென்பர்க்-ஷ்வெரினில் இன்ன ஊரில் பிறந்தவர்' என்று முழு விவரம் இருக்கலாம். சபை இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள், நடந்தால் புத்தகம் பெரும்பாலும் அலுவலக அலமாரியில் இருக்கும். மிசூரி சினட் என்ற லூத்தரன் பிரிவைச் சேர்ந்த, மூடிவிட்ட சபையாக இருந்தால் செயின்ட் லூயிஸ் நகரின் கான்கார்டியா வரலாற்று நிறுவனத்தைக் கேளுங்கள். போன் செய்துவிட்டுப் போங்கள். வார நாளில் போங்கள். காணிக்கை போட்டுவிட்டு வாருங்கள். சபை எழுத்தரம்மா காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பாதித் தகவல் அந்தக் காபியோடுதான் வரும்.

பதிவேடுகள் ஜெர்மனில்தான் இருக்கும், குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்தில். பயப்பட வேண்டாம். அந்த எழுத்தில் 'ஈ' பார்க்க 'என்' மாதிரி இருக்கும். 'யூ' தலையில் ஒரு கொக்கி போட்டிருக்கும். மாதத்தில் ஏமாறாதீர்கள்: 7 என்ற எண்ணோடு 'பெர்' என்று எழுதியிருந்தால் ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். உங்கள் குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் அந்த எழுத்தில் நீங்களே நாலு முறை எழுதிப் பழகுங்கள். கண் தானாகவே அதைப் பக்கத்தில் கண்டுபிடிக்கும்.

முதல் உலகப் போரோடு இந்த ஜெர்மன் பதிவுகள் தடுமாறத் தொடங்கும். சூவர்ட் கவுண்ட்டியிலேயே ஜெர்மன்டவுன் என்ற ஊர் 1918-இல் கார்லண்ட் ஆகிவிட்டது. ஓட்டோ கவுண்ட்டியில் பெர்லின் என்ற ஊரும் பெயரை இழந்தது. பழைய ஊர்ப் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1919-இல் நெப்ராஸ்கா, எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு அந்நிய மொழி கற்பிப்பதையே தடை செய்தது. ஹாம்ப்டன் ஊரில் ராபர்ட் மேயர் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு சிறுவனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததற்காக அபராதம் கட்டச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1923-இல் அவர் ஜெயித்தார். ஆனால் என் மாமனார் தலைமுறைக்கு அதற்குள் ஜெர்மன் போய்விட்டது. வீட்டில் ஜெர்மன் கடிதங்கள் அதிகம் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் அந்த வருஷங்களை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

குடிக்கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1890 கணக்கு எரிந்துபோனது, தேடாதீர்கள். நெப்ராஸ்காவில் அந்த ஓட்டையை 1885 கணக்கு அடைக்கும். கான்சாஸ்காரர்களுக்குப் பத்து வருஷத்துக்கொரு மாநிலக் கணக்கு இருந்தது, அதில் எந்த மாநிலத்திலிருந்து வந்தார்கள் என்று தனிப் பத்தியே உண்டு. 1870-இல் ஜெர்மனி என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் ப்ரஷ்யா, பவேரியா என்று பிரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 1900 கணக்கில் பிறந்த மாதம், வருஷம், அமெரிக்கா வந்த வருஷம் எல்லாம் இருக்கும். அதே வரியில் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று இரண்டு சின்னக் கட்டங்கள். எங்கள் பாட்டியின் வரியில் 11, 7. குடும்ப மரத்தில் அதுவரை எட்டுப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். மீதி மூன்று பேரைச் சபையின் அடக்கப் பதிவில் தேடி எடுத்தேன்; இரண்டு பேர் ஒரே வாரத்தில், தொண்டை அடைப்பான் நோயில். கட்டங்களில் இருக்கும் எண் உங்கள் மரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் விடாதீர்கள், ஆட்கள் விடுபட்டிருக்கிறார்கள்.

ஊர் கிடைத்த பிறகு கப்பலுக்குப் போகலாம், இப்போது அது சுலபம். ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் தப்பியிருக்கிறது, கடைசியாக வசித்த ஊரோடு. நேராக அமெரிக்கா போனவர்களுக்கு ஒரு பட்டியல், இங்கிலாந்து வழியாக மாறிப்போனவர்களுக்கு இன்னொன்று. ஒன்றில் இல்லையென்றால் மற்றதைப் பாருங்கள். பிரேமன் வழியாக வந்தவர்களாக இருந்தால் அந்தக் காலப் பட்டியல் மிச்சமில்லை, இடப் பற்றாக்குறை என்று அவர்களே அழித்தார்கள். அப்போது நியூயார்க், பால்டிமோர் வருகைப் பட்டியல்தான் கதி.

ஊர்ப் பெயரை மேயர்ஸ் கஸட்டியர் என்ற ஊர்ப்பெயர் அகராதியில் போட்டுப் பாருங்கள், பழைய ஜெர்மன் பேரரசின் ஊர்கள் எல்லாம் அதில் உண்டு, இணையத்தில் இலவசம். நோய்டோர்ஃப், நோய்ஹோஃப் மாதிரிப் பெயர்கள் டஜன் கணக்கில் வரும்; எது என்று பக்கத்து நிலத்துக்காரர்களின் ஊர்களை வைத்து முடிவு செய்யுங்கள். சின்ன ஊருக்குத் தேவாலயம் பக்கத்து ஊரில் இருக்கலாம், அதையும் அந்தத் தளம் காட்டும். ப்ராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியான் என்ற இணையதளம், காசு கட்ட வேண்டும். கத்தோலிக்கருக்கு மட்ரிகுலா, இலவசம். ப்ரஷ்யாவில் அரசுப் பதிவு 1874 அக்டோபரிலும் பேரரசு முழுக்க 1876-இலும் தொடங்கியது. அதற்கு முன்னால் கிளம்பியவர்களுக்குத் தேவாலயம்தான். பொமரேனியா, சிலேசியா ஊர்களில் பெரும்பாலானவை இன்று போலந்தில் இருக்கின்றன, பதிவுகளும் பெரும்பாலும் அங்கேதான். பிறந்த இடம் ரஷ்யா, பேசும் மொழி ஜெர்மன் என்று குடிக்கணக்கில் இருந்தால் அது வேறு பாதை: ரஷ்யாவின் கேதரின் அரசி 1763-இல் அழைத்துக் குடிவைத்த ஜெர்மன்காரர்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்கென்றே ஒரு வரலாற்றுச் சங்கமும் நூலகமும் லிங்கனிலேயே இருக்கிறது.

மெக்லென்பர்க்காரர்களுக்கு இன்னொரு கொடுப்பினை 1867 டிசம்பர் குடிக்கணக்கு. எங்கள் பெரியவர் அந்தக் கோடையிலேயே கிளம்பிவிட்டதால் அதில் இல்லை. ஆனால் அவர் அப்பா இருக்கிறார், பண்ணைக் கூலி என்ற தொழிலோடு. ஏன் கிளம்பினார் என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது. அங்கே 1820-இல் பண்ணையடிமை முறையை ஒழித்தார்கள், ஆனால் நிலத்தை ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கவில்லை. பண்ணையார் குடியிருக்க அனுமதி கொடுத்தால்தான் கல்யாணமே செய்ய முடியும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவருக்கு 80 ஏக்கர் என்பது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பாட்டியின் ஊர் இன்னும் கிடைக்கவில்லை. கல்யாணம் ஷிகாகோவில், அந்தக் காகிதமும் தீயில் போயிருக்கும். அதனால் அவருடைய பதினொரு பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவையும் எடுத்து, சாட்சியாக நின்ற பெண்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு வருகிறேன். தாயின் அக்கா, தங்கை போன்ற நெருங்கிய உறவுப் பெண்கள் அங்கே சாட்சி நிற்பது வழக்கம். ஒரே குடும்பப் பெயர் நான்கு பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பெயரில் இரண்டு மைல் வடக்கே செக்‌ஷன் 10-இல் ஒரு ஹோம்ஸ்டெட் இருக்கிறது. அந்தக் கோப்புக்குத்தான் இப்போது எழுதிப் போட்டிருக்கிறேன்.